வல்வைக் காற்றும் வானிற் குதிப்போர் உடையும்

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து பருத்தித்துறை வீதியால் வடகிழக்கு நோக்கிச் செல்பவர், கோப்பாய், நீர்வேலி, புத்தூர், ஆவரங்கால் ஆகிய ஊர்களைக் கடக்கும்வரை இருமருங்கும் வாழைத் தோட்டங்களையும் வேலிகளையும் மதில்களையும் கண்டு செல்வர். அதன்பின் வேலியும் இல்லை, வீடும் இல்லை. வல்லைவெளி எதிர்ப்படுகின்றது. ஒருபால் உவர்நீரும் மறுபால் வெறுந்தரையுமாகக் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்கும் அவ்வெளியில் காற்று ஒன்றே குடியிருக்கின்றது. மார்கழி, தை மாதங்களில் வாடை வீசும்போது, எதிர்க்காற்றிற் சைக்கிள் மிதித்துச் செல்பவரின் சேட்டு முதுகுப் பக்கத்தில் ஊதிய பை போலப் புடைத்து நிற்கும். மிதிக்க மிதிக்க வண்டி நகராது. விபரம் அறிந்த மாணவர் என்ன செய்கின்றனர் என்று பாருங்கள். சேட்டின் பொத்தானைப் பூட்டி, அதன் ஓரத்தைக் காற்சட்டைக்குள் செருகி, தலையைக் கைபிடிக்குச் சமமாகத் தாழ்த்திக்கொண்டு மிதிக்கின்றனர். வண்டி ஓடத் தொடங்குகின்றது. திரும்பி வரும்போது அதே மாணவர் பொத்தான்களைக் கழற்றிச் சேட்டை இருபக்கமும் விரித்துவிட்டு, மிதிக்காமலே வருவதையும் காணலாம்.

துணி காற்றைப் பிடிக்கும், பிடிக்காமலும் விடும். இக்கட்டுரையின் பொருள் முழுவதும் இதனுள் அடங்கும்.

பொருள் யாதெனின், ஆகாய விமானத்திலிருந்து விளையாட்டாகக் குதிப்போர் அணியும் உடை. ஆங்கிலேயர் ஜம்ப்சூட் என்று வழங்கும் அதனை ஈண்டு குதியுடை என்போம். கழுத்திலிருந்து கணுக்கால்வரை சட்டையும் காற்சட்டையும் ஒன்றாய்த் தைக்கப்பெற்ற ஒற்றை உடை அது. யாழ்ப்பாணத்து வாசகருக்கு இதனைப் பற்றி எழுத என்ன அவசியம் நேர்ந்தது என்று நேயர்கள் வினவுதல் கூடும். வினா நியாயமானதே. அவ்விளையாட்டு நம் குடாநாட்டில் வேரூன்றவில்லை. பலாலியில் வந்திறங்கும் விமானங்களிலிருந்து எல்லோரும் படிவழியாகவே இறங்குகின்றனர்; நமக்கு அதுவே போதுமானதாகவும் உளது. ஆயினும் நம் பிள்ளைகள் இன்று நம்மோடு மாத்திரம் வாழவில்லை. என்னிடம் பௌதிகம் கற்று, இப்பொழுது கனடாவில் ரொறன்ரோ நகரில் தொழில் பார்க்கும் மாணவி ஒருத்தி சென்ற மார்கழியில் எனக்கு ஒரு கடிதம் விடுத்திருந்தாள். கோடைகாலத்தில் ஆசிரியர் ஒருவரோடு பிணைக்கப்பட்டு ஒரு முறை குதித்தாளாம். வரும் வசந்தத்திலிருந்து தனியே குதிக்கப் பயிலப் போகின்றாளாம். "எந்த உடையை வாங்கலாம் சேர்? ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்லுகினம். நீங்கள் காரணத்தோடு சொல்லுவீங்கள்" என்று எழுதியிருந்தாள். கடிதத்தின் இறுதியில் இன்னொரு வரியும் இருந்தது: "அம்மாவுக்கு நீங்கள்தான் சொல்லி விளங்கப்படுத்த வேணும்."

அவளுடைய தாயார் வல்வெட்டித்துறையில் வசிப்பவர். ஆகவே தைப்பொங்கலன்று நான் வல்வைக்குப் புறப்பட்டேன். அன்று அங்கே பட்டப் போட்டி நடக்கும் நாளுமாகும்.

வல்வெட்டித்துறை பழைய கப்பலோட்டிகளின் ஊர். கடலையும் காற்றையும் நம்பி உடலையும் பொருளையும் ஒப்படைத்த மக்கள் அவ்வூரவர். அங்கே வேப்ப மரத்தாற் கட்டப்பெற்ற அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கர் ஒருவர் விலைக்கு வாங்க, அவ்வூர் மாலுமிகளே 1937ஆம் ஆண்டு அதனைச் செலுத்திச் சென்று, 1938இல் மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறைமுகத்தில் ஒப்படைத்தனர். மு. நவரத்தினசாமி 1954இல் பாக்குநீரிணையை நீந்திக் கடந்ததும், 1971இல் ஆழிக்குமரன் ஆனந்தன் அதே நீரிணையைப் போகவும் வரவும் நீந்தியதும் ஈழத்துப் பிள்ளைகள் யாவரும் அறிந்தவை. ஆனந்தன் 1984இல் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது உயிர் நீத்தார். துணிவைப் போற்றும் ஊரார் துணிவின் விலையையும் அறிந்தே இருக்கின்றனர் என்பதற்காக இதனைக் குறிப்பிடுகின்றேன்.

பாய்க்கப்பலோட்டி ஒருவனுக்குக் குதியுடையின் தத்துவத்தை விளக்க அரை நாழிகை போதும். மெல்லிய காற்றுக்குப் பாய் முழுவதையும் விரிப்பான். புயல் எழுந்தால் பாயைச் சுருக்கிக் கட்டுவான். பாயின் பரப்பே காற்று அவனுக்குக் கொடுக்கும் வலுவை நிர்ணயிக்கின்றது. வானிற் குதிப்பவனுக்கு அவன் உடுப்பே பாய். கப்பல் அவன் உடல்.

உதயசூரியன் கடற்கரைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பிற்பகல் மூன்று மணி. மணலில் நிற்க இடமில்லை. வடகிழக்கிலிருந்து வரும் வாடை, வீடோ மரமோ குறுக்கிடாத கடற்பரப்பின்மேல் ஓடி வருவதால், சுழியின்றிச் சீராக வீசுகின்றது. இக்கரையிற் பட்டம் சிறந்ததற்குக் காரணம் இதுவே. கொக்கு, பிராந்து, எட்டுமூலை, படலம், பாம்பு என்று நாம் சிறுவராயிருந்த காலத்திற் கண்ட பட்டங்கள் ஓரத்தில் நின்றன. நடுவில் நின்றவையோ வேறு வகை. கப்பல், விமானம், தேர், பறவை, விலங்கு என முப்பரிமாண உருவங்களாக, பல பேர் சேர்ந்து தூக்க வேண்டிய பருமனில், மூங்கிலாலும் தாளாலும் சமைத்து வைத்திருந்தனர். ஏறுமா, ஏறாதா என்று கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்க, ஒன்று எழுந்து வயிற்றைக் காட்டிக் கொண்டு மேலே போனது. இன்னொன்று இரண்டு குத்துக் குத்தி மணலில் மூக்கை உடைத்துக்கொண்டது. செய்தவர் முகத்தைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

குத்திய பட்டத்தின் அருகே நின்ற முதியவர் ஒருவர் முச்சைக் கயிறுகளை விரல்களால் அளந்து பார்த்துக்கொண்டிருந்தார். பட்டத்தின் நெஞ்சிலிருந்து பிரியும் கயிறுகள் ஒன்று சேரும் முடிச்சையே முச்சை என்கிறோம். பட்டம் எந்தச் சாய்வில் காற்றை எதிர்கொள்ள வேண்டும் என்பதை முச்சையே தீர்மானிக்கின்றது.

"முச்சை பிழைச்சுப் போச்சு, மாஸ்டர். காத்தை முழுக்கப் பிடிக்கவும் கூடாது, முழுக்க விடவும் கூடாது. நாங்கள்தான் அளவு சொல்ல வேணும், காத்து அளவு சொல்லாது" என்றார் அவர்.

நான் பௌதிக வகுப்பில் ஒரு தவணை முழுதும் சொல்வதை அவர் ஒரு மூச்சிற் சொல்லிவிட்டார். அளவு தப்பினால் என்ன நேரும் என்பதற்கு அயலூரிலேயே சான்று உண்டு. 2021 டிசம்பரில் பருத்தித்துறைப் பகுதியில் பெரும்பட்டம் ஒன்றைப் பலர் சேர்ந்து ஏற்றும்போது, மற்றவர்கள் கயிற்றைக் கைவிட, கைவிடாத இளைஞர் ஒருவர் கயிற்றோடு முப்பது அடிக்கும் மேலே தூக்கிச் செல்லப்பட்டார். கீழே நின்றவர்கள் விடு, விடு என்று கூவிய ஒலியோடு அக்காட்சி உலகெங்கும் பரவிற்று. நல்வேளையாக அவர் உயிர் தப்பினார். பலர் அதைக் கண்டு நகைத்தனர். எனக்கோ நகைப்பு வரவில்லை. ஒரு மனிதனைத் தூக்கிச் செல்லக்கூடிய பரப்பு எவ்வளவு என்பதை அந்தப் பட்டம் செய்தவர்கள் கணக்கிட்டிருக்கவில்லை என்பதே என் மனத்திற் பட்டது.

இப்பொழுது கணக்குக்கு வருவோம். மாணவர் இப்பகுதியைச் சற்று நின்று படித்தல் நன்று. விழும் பொருளைப் புவியீர்ப்பு கீழே இழுக்கின்றது. வளி மேல்நோக்கித் தடுக்கின்றது. வேகம் கூடுந்தோறும் வளித்தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகின்றது. அதாவது வேகம் இரு மடங்கானால் தடை நான்கு மடங்காகும். ஒரு கட்டத்தில் தடையும் பாரமும் சமமாகிவிட, அதன்மேல் வேகம் கூடாது. அதனை முடிவு வேகம் என்பர். வயிறு நிலத்தை நோக்க, கைகால்களை விரித்துக் கிடையாக விழும் மனிதனுக்கு அது மணிக்கு ஏறக்குறைய 190 கிலோமீற்றர். பதின்மூவாயிரம் அடியிலிருந்து குதிப்பவர் பரசூட்டை விரிக்குமுன் ஒரு நிமிடம்வரை இவ்வேகத்தில் விழுகின்றார்.

பாரம் கூடியவர் கெதியாக விழுவார் அல்லவா என்று வகுப்பிற் கேட்டால், கலிலியோவின் பெயரைச் சொல்லி இல்லை என்று மறுக்கும் மாணவர் பலர். வெற்றிடத்தில் அது சரி. காற்றில் அது சரியன்று. 50 கிலோ பாரமுள்ள ஒருவரும் 80 கிலோ பாரமுள்ள ஒருவரும் ஒரே பரப்புடைய உடையோடு விழுவதாக வைத்துக்கொள்வோம். பார விகிதம் 1.6, அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 1.26. முன்னவர் மணிக்கு 180 கிலோமீற்றர் வேகத்தில் விழுந்தால் பின்னவர் 228 கிலோமீற்றர் அளவில் விழுவார். பத்துச் செக்கனில் இருவருக்குமிடையே 130 மீற்றர் அளவு இடைவெளி விழுந்துவிடும். பெரிய உடலுக்குப் பரப்பும் சற்றுப் பெரிதாகவே இருக்குமாதலால் உண்மையில் வித்தியாசம் இவ்வளவு வராது, ஆயினும் வரும். வானில் கைகோத்து வட்டமாக நிற்க விரும்பும் நண்பர்கள் என் செய்வர்? பாரத்தை மாற்ற இயலாது. எனவே உடையை மாற்றுகின்றனர்.

பாரம் கூடியவர் பருத்தி கலந்த சொரசொரப்பான துணியில் சற்றுத் தொய்வாகத் தைத்து அணிகின்றார். காற்று அதிற் பற்றிக்கொள்ள அவர் மெல்ல விழுகின்றார். மெலிந்தவரோ வழுவழுப்பான நைலோன் துணியில் உடலோடு ஒட்டத் தைக்கின்றார். அதுவும் போதாதபோது ஈயக் குண்டுகள் நிரப்பிய பட்டியை இடுப்பிற் கட்டுவதும் உண்டு. மெலிந்தவர் பாரத்தை விலைக்கு வாங்கும் இடம் உலகில் இதுவாகத்தான் இருக்கும்.

விளையாட்டின் வகைக்கேற்ப உடையும் வேறுபடுகின்றது. கிடையாக விழுந்து பலர் சேர்ந்து வானிற் கோலம் அமைப்போர் உடலை ஒட்டிய உடை அணிவர். அவ்வுடையின் கைகளிலும் கால்களிலும், உள்ளே அடைத்துத் தைத்த தடித்த பிடிகள் இருக்கும். ஒருவரை ஒருவர் பற்றும்போது வெறுந்துணியைப் பற்றினால் துணி இழுபட்டு இருவர் சமநிலையும் குலையும். கணுக்காலுக்குக் கீழே சப்பாத்தையும் மூடும்படி துணி நீள்வதும் உண்டு. காலை நீட்டினால் அத்துணி காற்றைப் பிடித்து முன்னே தள்ளும்; மீனுக்கு வால் எப்படியோ அப்படி. ஆனால் கால்களை அடக்கத் தெரியாத புதியவருக்கு அதே வால் பகையாகிச் சுழற்றிவிடும். தலைகீழாகவும் இருந்த நிலையிலும் விழுவோர் வகை இன்னொன்று. அவர்களின் வேகம் மணிக்கு 240 கிலோமீற்றருக்கு மேற்செல்லும். சட்டை மேலேறி முகத்தை மூடாதபடி மணிக்கட்டிலும் கணுக்காலிலும் இறுக்கமும், ஏனைய இடங்களிற் சிறிது தொய்வும் அவர்களுக்கு வேண்டும். கைக்கும் விலாவுக்கும் இடையிலும் கால்களுக்கிடையிலும் துணிச் சிறகு தைத்த உடையும் உண்டு. 1990களிற் பிரான்சியரான பற்றிக் த கயார்தோன் அதனைத் திருத்தி அமைத்துப் பறந்து காட்டினார்; 1998இல் அம்முயற்சியிலேயே ஹவாயில் மாண்டார். இருநூறு முறையேனும் குதித்தவரே அதனை அணியலாம் என்பது அமெரிக்கச் சங்கத்தாரின் விதி. என் மாணவிக்கு எழுதிய மறுமொழியில் இவ்வரியின் கீழ் இரண்டு கோடு இட்டேன்.

துணிக்கும் காற்றுக்கும் உள்ள உறவைப் பற்றி எழுதுபவர் பிரான்சு றைக்கெல்ற் என்பவரைக் குறிப்பிடாமல் விடல் ஆகாது. அவர் பரிசு நகரில் வாழ்ந்த தையற்காரர். விமானிகள் உடுப்பாகவே அணிந்து, வேண்டும்போது குடையாக விரிக்கத்தக்க உடை ஒன்றை அவர் தைத்தார். 1912 பெப்ரவரி 4ஆந் திகதி, பொம்மையை வைத்துச் சோதிப்பதாகக் கூறி அனுமதி பெற்று, ஐபல் கோபுரத்தின் முதற் தளத்திலே தாமே அவ்வுடையை அணிந்து நின்றார். நண்பர்கள் தடுத்தனர். கேட்கவில்லை. 57 மீற்றர் உயரத்திலிருந்து குதித்தார். துணி விரியவில்லை, உடலைச் சுற்றிக்கொண்டது. படப்பிடிப்பாளர் அதனைப் படமாக்கினர். இன்றும் அப்படம் உளது. அதிலே குதிக்குமுன் அவர் விளிம்பில் நெடுநேரம் தயங்கி நிற்பதைக் காணலாம். தையல் நல்ல தையலாகவே இருந்திருக்கும் என்றே நான் நினைக்கின்றேன். பரப்பு போதவில்லை, விரியத் தேவையான உயரமும் போதவில்லை. முச்சை பார்த்த முதியவரிடம் காட்டியிருந்தால் ஒரு கணத்தில் சொல்லியிருப்பார்.

மாலையானதும் நான் மாணவியின் வீட்டுக்குச் சென்றேன். அவள் தாயார் அயலவருக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தைத்துக் கொடுத்துப் பிள்ளைகளை வளர்த்தவர். பொங்கல் நாளாகையால் தையல் யந்திரம் துணியால் மூடப்பட்டிருந்தது. தேநீரை வைத்துவிட்டு, நான் வாய் திறக்குமுன் அவரே தொடங்கினார்.

"எல்லாம் தெரியும், மாஸ்டர். சின்னவன் போனிலை படம் காட்டிப் போட்டான். எங்களுக்கு மேலையிருந்து விழுந்ததெல்லாம் காணாதே? இவள் தானாப் போய் மேலையிருந்து விழவேணுமே?"

இதற்கு என்ன மறுமொழி கூறுவது? நம் நாட்டில் ஒரு தலைமுறை அண்ணாந்து பார்த்தது வேடிக்கைக்காக அன்று. ஒலி கேட்டால் எந்த வகை விமானம் என்று ஐந்து வயதுப் பிள்ளை சொல்லும் காலம் இருந்தது. இவ்வம்மையார் தம் தம்பியை விமானத் தாக்குதலில் இழந்தவர். குடாநாட்டு வானில் நாம் பரசூட்டைக் கண்டதும் விளையாட்டாக அன்று. 1987 ஜூன் 4ஆந் திகதி, இந்திய விமானப் படையின் அன்ரனோவ் விமானங்கள் ஐந்து, மிராஜ் விமானங்கள் காவல் வர, ஏறக்குறைய 25 தொன் உணவுப் பொருள்களைப் பரசூட்டிற் கட்டி யாழ்ப்பாணத்தின் மேற் போட்டன. அரசியலார் அதற்குப் பூமாலை என்று பெயரிட்டனர். நம்மவர் இன்றும் "பருப்புப் போட்ட நாள்" என்றே சொல்வர். பின்னைய ஆண்டுகளில் இரவு நேரங்களில் வெளிச்சக் குண்டுகள் சிறு பரசூட்டில் தொங்கி மெல்ல இறங்கும். பரா வெளிச்சம் என்று சொல்வோம். ஊரெல்லாம் பகல்போலத் தெரிய, எல்லோரும் பதுங்குகுழிக்குள் இருப்போம். விடிந்தபின் மரத்திற் சிக்கிய வெள்ளைத் துணிக் குடைகளுக்காகச் சிறுவர் நாம் சண்டையிட்டதும் உண்டு. கல்லைக் கட்டி எறிந்தால் அது விரிந்து மெல்ல இறங்கும். வளித்தடை என்ற சொல்லை அறியுமுன் அதனை நான் கண்டு மகிழ்ந்தது அந்தத் துணியிலேதான். இதனை அம்மையாரிடம் சொன்னேன்.

"அந்தத் துணியிலை நான் கைக்குட்டை தைச்சிருக்கிறன். தையல் நல்லாய் ஏறும், நனைஞ்சால் கெதியாய்க் காயும்" என்றார் அவர். முகத்திற் சிறிது நெகிழ்ச்சி தோன்றியது. பின்பு, "இவள் போடப்போற உடுப்பு என்ன துணி?" என்று கேட்டார்.

அவ்வொரு கேள்வியோடு எங்கள் உரையாடல் வேறு பாதையில் திரும்பிற்று. மாணவி அனுப்பிய படங்களையும், தையற் கம்பனி ஒன்றின் அளவுப் படிவத்தையும் நான் எடுத்துக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். முழங்காலிலும் இருக்கையிலும் இரட்டைத் துணி எதற்கென்று கேட்டார். இறங்கும்போது தரையில் உராயும் இடங்கள் அவை என்றேன். முன்புறச் சிப் எந்த அளவு நீளம் என்று கேட்டார். கழுத்திலிருந்து கவடுவரையோ, தொடைவரையோ இருக்கும் என்றேன். சட்டைப் பை ஏன் இல்லை என்று கேட்டார். உடையின் மேலே பரசூட்டைத் தாங்கும் பட்டிகள் தொடையையும் தோளையும் சுற்றி இறுக்கப்படுவதால், பட்டியின் கீழே தடித்த தையலோ பையோ வந்தால் நோகும் என்று விளக்கினேன்.

"தொய்வாய்த் தைச்சால் என்ன? அவள் எப்பவும் தொய்வாய்ப் போடத்தான் விருப்பம்."

இங்கேதான் பொருளின் உயிர்நிலை உளது. பரசூட்டை விரிக்க இழுக்கும் பிடி, முதுகுப் பையின் அடியில் வலப்புற இடுப்புக்குப் பின்னே இருக்கும். பிரதான குடை பழுதானால் அதனைக் கழற்றிவிடும் பிடி மார்பின் வலப்புறம். சேமக் குடையை விரிக்கும் பிடி இடப்புறம். தொய்ந்த துணி காற்றில் எழுந்து இவற்றுள் ஒன்றை மூடிவிட்டால், அல்லது கை பிடிக்குப் பதிலாகத் துணியைப் பற்றிவிட்டால், இழக்கும் செக்கன் ஒவ்வொன்றுக்கும் ஐம்பது மீற்றருக்கு மேல் நிலம் நெருங்கி வரும். மணிக்கட்டில் கட்டிய உயரமானியைச் சட்டைக்கை மூடிவிட்டாலும் அதே அபாயமே. ஆகவே உடுப்பு அளவாக இருத்தல் அழகுக்காக அன்று.

அம்மையார் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்பு அறையினுள் சென்று, ஓரம் மடிந்த கொப்பி ஒன்றை எடுத்து வந்தார். அதிலே மகளின் பள்ளிச் சீருடை அளவுகள் ஆண்டுவாரியாக எழுதப்பட்டிருந்தன. ஆறாம் வகுப்புத் தொடக்கம் உயர்தரம்வரை.

படிவத்தில் இருபதளவான அளவுகள் கேட்கப்பட்டிருந்தன. தோளிலிருந்து கவடு ஊடாக மீண்டும் தோள்வரை சுற்றி எடுக்கும் அளவே அவற்றுள் முதன்மையானது. அது குறைந்தால், முதுகை வளைத்து விழும் நிலையில் தோளும் கவடும் இழுபடும். "தன்னைத் தானே அளக்கக் கூடாது, மாஸ்டர். குனிஞ்சு நாடாவைப் பாப்பாள், அளவு குறைஞ்சிடும். வேறை ஆரும் அளக்க வேணும்" என்று அம்மையார் சொன்னது, அப்படிவத்தின் அடிக்குறிப்பில் ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்ததும் ஆகும். அவர் அதனை வாசிக்கவில்லை.

குளிர் பற்றியும் பேசினோம். ஒவ்வொரு ஆயிரம் மீற்றர் மேலே செல்லும்போதும் வெப்பநிலை ஏறக்குறைய 6.5 பாகை குறையும். பதின்மூவாயிரம் அடி ஏறத்தாழ 4,000 மீற்றர். ஆகவே தரையில் 30 பாகையாயின் மேலே 4 பாகை. வல்வையிலே நின்று குதித்தாலும் கம்பளி உள்ளுடுப்பு வேண்டும். அதற்கு மேலே செல்வோர் நிலைமை வேறு. அமெரிக்க விமானப் படையைச் சேர்ந்த யோசப் கிற்றிங்கர் 1960 ஓகஸ்ற் 16ஆந் திகதி, ஒரு இலட்சத்து ஈராயிரத்து எண்ணூறு அடி உயரத்திலிருந்து பலூனை விட்டுக் குதித்தார். அவ்வுயரத்தில் காற்றழுத்தம் மிகமிகக் குறைவாகையால் அழுத்தவுடை அணிந்தே சென்றார். மேலேறும்போதே வலக்கை உறையின் அழுத்தம் பழுதாகி, கை வீங்கிவிட்டது. கீழே அறிவித்தால் பயணத்தை நிறுத்திவிடுவர் என்று சொல்லாமலே ஏறினார். தரையிறங்கிச் சில மணி நேரத்தின் பின் கை பழைய நிலைக்கு வந்தது. இதனை வீரம் என்பர் பலர். கையுறை பழுதென்றால் இறங்கிவிட வேண்டும் என்றே நான் என் மாணவருக்குச் சொல்வேன்.

மாணவிக்கு நான் எழுதிய மறுமொழியை, பயன்படக்கூடும் என்பதனால் சுருக்கித் தருகின்றேன். முதலில் எதையும் வாங்காதே. பயிற்சிக் காலத்தில் பள்ளியே உடை இரவல் தரும். சிறிது முரடாகவும் பிறர் வியர்வையோடும் இருப்பினும் அது கற்போருக்கென்றே தைக்கப்பட்டது. எந்த வகையில் குதிப்பது உனக்குப் பிடிக்கின்றது என்பது பல குதிகளின் பின்னரே தெரியவரும். அதன்பின் அவ்வகைக்குரிய உடையைத் தெரிவு செய். உன் உடல் எவ்வேகத்தில் விழுகின்றது என்பதை உன் ஆசிரியர் பார்த்துச் சொல்வார். நீ மெலிந்தவள், வழுவழுப்பான துணியே உனக்குப் பெரும்பாலும் பொருந்தும். பழைய உடையை வாங்குவதானால் தையல் மூட்டுகளையும் சிப்பையும் வெளிச்சத்திற் பிடித்துப் பார். கொளுக்கி வைத்த சப்பாத்து அணியாதே; பரசூட்டின் கயிறு அதில் மாட்டும். அணிந்தபின் பிடிகள் மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பார். ஒன்றேனும் தட்டுப்படாவிடில் அவ்வுடை உனக்குரியதன்று.

விடைபெறும்போது இருட்டிவிட்டது. கடற்கரைப் பக்கம் இரவுப் பட்டங்கள் மின்குமிழ் கட்டி மேலே நின்றன. விண் கூவும் ஒலி வீட்டு முற்றம்வரை கேட்டது. அம்மையார் படலையடியில் நின்று அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் குதிக்கச் சம்மதம் என்று அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"குந்தி எழும்பிப் பாக்கச் சொல்லுங்கோ, மாஸ்டர். கையை மேலை தூக்கிப் பாக்கவும் சொல்லுங்கோ. நிண்டு பாத்தால் எல்லா உடுப்பும் அளவாய்த்தான் இருக்கும்" என்றார். நான் சைக்கிளைத் திருப்பும்போது மறுபடியும் அழைத்தார்.

"நிறம் என்ன எண்டு கேட்டனியளே? கறுப்பு வேண்டாம் எண்டு எழுதுங்கோ. கடும் மஞ்சள், இல்லாட்டிச் சிவப்பு. கீழை நிக்கிறவைக்குத் தெரிய வேணும்."

அதனையும் கடிதத்தில் எழுதினேன்.